ஆக்சோலோட்டலுக்கு உயிருள்ள இறால் கொடுக்கலாமா? பினாங்கு வீடுகளில் கவனிக்க வேண்டியவை

ஜோர்ஜ்டவுன் – அலங்கார மீன் கடைகளில், தண்ணீர் நிரப்பிய நெகிழிப் பைக்குள் கண்ணாடி போன்ற சிறு இறால்கள் நீந்திக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அரோவானா போன்ற பெரிய மீன்களுக்குத் தீனியாக விற்கப்படுபவை அவை. அண்மை ஆண்டுகளில் அந்தப் பையைத் தேடி வருவோரில் ஆக்சோலோட்டல் வளர்ப்பவர்களும் சேர்ந்துவிட்டனர். தொட்டிக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும் பிராணி, இறால் பக்கத்தில் வந்ததும் ஒரே நொடியில் வாயைத் திறந்து உறிஞ்சிவிடும் காட்சி பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது: இது அதற்கு நல்லதுதானா?

சுருக்கமான பதில், நல்லதுதான். ஆனால் எந்த இறால், எங்கிருந்து வந்த இறால், எந்த அளவு இறால் என்பதைப் பார்க்காமல் கொடுத்தால் அதே இறால் பிராணியின் உயிருக்கு உலை வைத்துவிடும். இதில் பினாங்குக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஆக்சோலோட்டல் குளிர்ந்த நீரில் வாழ்வது. இங்குக் கிடைக்கும் இறால் வெதுவெதுப்பான நீரில் வளர்வது. இவ்விரண்டையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மெக்சிகோ ஏரியிலிருந்து வந்த விருந்தாளி

ஆக்சோலோட்டலைச் சிலர் 'நடக்கும் மீன்' என்கிறார்கள். அது மீன் அல்ல. தவளையைப் போல நீர்நில வாழ்வன வகுப்பைச் சேர்ந்த சாலமண்டர் அது. பெரும்பாலான சாலமண்டர்கள் வளர்ந்ததும் செவுள்களை இழந்து நிலத்துக்கு ஏறிவிடும். இதுவோ தலையின் இருபுறமும் மும்மூன்று செவுள் கிளைகளுடன், தலைப்பிரட்டைப் பருவத்தின் தோற்றத்திலேயே வளர்ந்து, நீருக்குள்ளேயே இனப்பெருக்கமும் செய்துகொள்கிறது. மலேசியக் காடுகளில் சாலமண்டர் இனம் எதுவும் இயற்கையாக இல்லை. எனவே இங்கு நாம் பார்க்கும் ஆக்சோலோட்டல் ஒவ்வொன்றும் வெளிநாட்டு வம்சம்தான்.

அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சொச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். பக்கத்தில் இருந்த சால்கோ ஏரியிலும் ஒரு காலத்தில் வாழ்ந்தது. அந்த ஏரி வற்றவைக்கப்பட்டுவிட்டது. பெயர் அந்த மண்ணின் நாவாட்டில் மொழிச் சொல். நீரைக் குறிக்கும் சொல்லும் சோலோட்டில் என்ற பழைய தெய்வத்தின் பெயரும் சேர்ந்து உருவானது. 1860களின் தொடக்கத்தில் 34 ஆக்சோலோட்டல்கள் கப்பலேறிப் பாரிஸ் நகருக்குப் போயின. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை. வெள்ளை உடலும் இளஞ்சிவப்புச் செவுளும் கொண்ட ரகத்தின் மூலம்கூட அதில் இருந்த ஒரு வெள்ளை ஆண்தான் என்று சொல்லப்படுகிறது.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் ஆக்சோலோட்டல் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மெக்சிகோவின் 50 பெசோ நோட்டிலும் அதன் படம் வந்தது. நோட்டைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை. விளையாட்டைப் பற்றி நிறையவே உண்டு. விளையாட்டில் அதற்கு வாளியில் பிடித்த வெப்பமண்டல மீனைக் கொடுக்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மெல்லத் தெரியாத வாய்

இந்தப் பிராணியின் உணவு விதிகள் எல்லாம் அதன் வாயிலிருந்து தொடங்குகின்றன. அதன் பற்கள் மிகச் சிறியவை. இரையைப் பிடித்துக்கொள்ள உதவுமே தவிர, கடித்து மெல்ல உதவாது. கண்பார்வையும் மந்தம். வாசனையையும், நீரின் அசைவை உணரும் தோல் உறுப்புகளையும் நம்பித்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. இரை அருகில் வந்ததும் வாயைச் சட்டெனத் திறக்கும். வாய்க்குள் பாயும் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அதை அப்படியே முழுங்கிவிடும்.

இதனால்தான் உயிருள்ள இறால் அதற்குப் பிடிக்கிறது. இறால் நகர்கிறது, நீரை அசைக்கிறது, பின்னோக்கித் துள்ளுகிறது. செத்த உணவைச் சீண்டாத இளம் ஆக்சோலோட்டல்கள்கூட இறாலைத் துரத்தும். இயற்கையிலும் இது புதிதல்ல. சொச்சிமில்கோவில் 'அகோசில்' என்ற சின்னஞ்சிறு நன்னீர்க் கூனிறால் வகை ஒன்று உண்டு. புழு, பூச்சிகளின் இளம்பருவம், நத்தை, சிறு மீன் ஆகியவற்றோடு அதுவும் ஆக்சோலோட்டலின் இயற்கை உணவு. அந்த ஊர் மக்களும் அகோசிலைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே ஓடுள்ள உயிரினத்தைச் செரிக்கும் வயிறு அதற்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

சிக்கல் அளவில்தான். மெல்லாமல் முழுங்கும் பிராணிக்குக் கொடுக்கும் இறால், அதன் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பருமனாக இருக்கக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் பின்பற்றும் எளிய கணக்கு. இறாலின் தலை முன்னால் ஊசி போல நீண்டிருக்கும் கொம்பையும் கவனிக்க வேண்டும். பெரிய இறாலின் கொம்பு வாயையும் தொண்டையையும் கிழிக்கும்.

தொட்டியின் அடியில் பொடிக்கற்கள் பரப்பியிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். தரையில் ஓடும் இறாலை உறிஞ்சும்போது கற்களும் சேர்ந்து உள்ளே போகும். வயிற்றில் கல் அடைத்துச் சாவது ஆக்சோலோட்டல்களுக்கு அடிக்கடி நேரும் விபத்து. அடித்தளத்தை வெறுமையாக விடலாம். மிக நுண்ணிய மணல் போடலாம். அல்லது தலையைவிடப் பெரிய வழுவழுப்பான கற்களை வைக்கலாம். கடையில் அழகாகத் தெரியும் வண்ணக் கற்கள் இந்தப் பிராணிக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த இறால்?

தமிழில் இறால் என்ற சொல்லே ஒரு வழுக்கல். சங்க நூல்களில் இறால் என்றால் பெரும்பாலும் தேனடை. இன்று நாம் இறால் என்பதற்கு இறா, இறவு என்ற சொற்கள் வழங்கின. இப்போதோ கடல் இறால், ஆற்று இறால், வயல் இறால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆக்சோலோட்டலுக்கு அவை ஒன்றல்ல.

கடைகளில் தீனியாக விற்கப்படும் கண்ணாடி இறால் பெரும்பாலும் நெல்வயல், வாய்க்கால், குட்டைகளில் வாழும் நன்னீர் இனம். 5 சென்டிமீட்டர் வரை வளரும். மெலிந்த கொடுக்குகள் உண்டு. சிறியதாகப் பார்த்துப் பொறுக்கினால் கொடுக்கலாம். வளர்ந்ததைத் தொட்டியில் விட்டு வைத்தால், இரவில் ஆக்சோலோட்டலின் செவுள் இழைகளைப் புழு என்று நினைத்துப் பிய்க்கும். இந்தப் பிராணிக்கு இழந்த உறுப்பு மீண்டும் வளரும் என்பது உண்மை. அதற்காகக் கடிபட விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. காயம்பட்ட இடத்தில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை படரும். வெப்பம் கூடிய நீரில் அது வேகமாகப் பரவும்.

உணவகங்களில் விலை போகும் உடாங் காலாவின் குஞ்சுகள் சில சமயம் தீனி இறாலோடு கலந்து வந்துவிடும். கொடுக்கு நீளமாகவும் தடித்தும் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். நண்டு போன்ற பெரிய கொடுக்கு உள்ள நன்னீர்க் கூனிறாலை எந்த அளவிலும் ஆக்சோலோட்டலோடு சேர்க்கக் கூடாது.

சந்தையில் வாங்கும் கடல் இறால் உப்புநீரில் வாழ்ந்தது. நன்னீர்த் தொட்டியில் விட்டால் சிறிது நேரத்தில் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். பினாங்கு பெலாச்சானுக்கும் சிஞ்சாலோக்குக்கும் பயன்படும் கெராகாவ், அதாவது நம் வீடுகளில் கூனி எனப்படும் பொடி இறால், அளவில் சரியாகத் தோன்றும். காய்ந்த கூனியில் இருக்கும் உப்பு இந்தப் பிராணிக்கு ஆகாது. மசாலா, உப்பு சேர்ந்த சமைத்த இறாலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது செர்ரி இறால். தைவான், சீனப் பகுதிகளைச் சேர்ந்த சிறு நன்னீர் இனம். அலங்காரத்துக்காகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பல வண்ணங்களில் விற்கிறார்கள். வளர்ந்தாலும் 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். கொடுக்கு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. வளர்ந்த ஆக்சோலோட்டல் 23 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்பதால் தொண்டையில் சிக்கும் கவலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலேயே பெருக்கலாம்.

குளுகோரில் தெரியவந்த உண்மை

எல்லா நன்னீர் இறாலையும் வீட்டில் பெருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. ஏன் முடியாது என்ற விடை பினாங்கிலேயே கிடைத்தது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது.

1961ஆம் ஆண்டு, மலேசியா உருவாவதற்கு முன், குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில் ஷாவ் வென் லிங் என்ற ஆய்வாளர் உடாங் காலாவைக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்ய முயன்றுகொண்டிருந்தார். அவர் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வல்லுநர். முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. ஆனால் குஞ்சுகள் சில நாள்களில் செத்துக்கொண்டே இருந்தன. எந்த உணவைக் கொடுத்தாலும் பலனில்லை. ஒரு நாள் அவர் சாப்பாட்டு மேசையில் இருந்த சோயா சாஸைக் குஞ்சுகள் இருந்த நீரில் கலந்து பார்த்தார் என்றும், அந்தக் குஞ்சுகள் மட்டும் பிழைத்திருந்தன என்றும் இத்துறையினர் ஒரு கதை சொல்வார்கள். கதையின் சாரம் அறிவியல் உண்மைதான். பிழைக்க வைத்தது சாஸின் உப்பு. ஆற்றில் வாழும் உடாங் காலா முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்குகிறது. அதன் குஞ்சுகள் உவர்நீரில்தான் வளர்கின்றன. உருமாறி முடிந்த பிறகே ஆற்றுக்கு ஏறுகின்றன.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் உடாங் காலா வளர்ப்பு தொழிலாக மாறியது. 1965இல் மலேசியாவிலிருந்து ஹவாய்க்குத் தாய் இறால்கள் கொண்டு செல்லப்பட்டன. 1972க்குள் அங்குப் பெருமளவில் குஞ்சு பொரிக்கும் முறை உருவானது. இன்று பல நாடுகளில் நடக்கும் நன்னீர் இறால் பண்ணைத் தொழிலின் வேரைத் தேடினால் அது குளுகோருக்கு வந்து சேரும். பல்கலைக்கழக மாணவர்களும் வாகன நெரிசலும் நிறைந்த இன்றைய குளுகோரைப் பார்த்தால் இதை நம்புவது கடினம்.

செர்ரி இறாலுக்கு இந்த உவர்நீர்ப் பருவமே இல்லை. தாய் வயிற்றின் அடியில் 20 முதல் 30 முட்டைகளைச் சுமந்து திரியும். ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்களில் பொரிந்து வரும் குஞ்சு, அளவில்தான் சிறியது. உருவத்தில் பெரிய இறாலே. அதனால் ஒரு சாதாரணத் தொட்டியில், உப்பும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம்.

இறாலுக்கு ஒரு தொட்டி

20, 30 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒரு கைப்பிடி ஜாவா பாசி, 20 அல்லது 30 இறால். தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கும் மருந்து அவசியம். வேகவைத்த கீரை ஒரு சிறு துண்டு, இறாலுக்கென்று விற்கும் உருண்டைத் தீனி கொஞ்சம், காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்று, உணவுக்கு அவ்வளவுதான். இலையைச் சாலையோரத்தில் பொறுக்காமல், புகையும் பூச்சிமருந்தும் படாத மரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

குஞ்சுகள் பருவத்துக்கு வர இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்களுக்குத் தொட்டியிலிருந்து ஓர் இறாலைக்கூட எடுக்காமல் இருப்பது நல்லது. பலரும் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். வாங்கிய வாரமே பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கடைக்கு ஓடுகிறார்கள்.

பினாங்கின் வெப்பம் இறாலுக்குச் சாதகம். 26, 28 டிகிரி செல்சியஸ் நீரில் அவை நன்றாகவே பெருகும். 30ஐத் தாண்டினால் அவற்றுக்கும் மூச்சு முட்டும். வெயில் படும் சன்னலோரம் தொட்டியை வைக்கக் கூடாது.

இறால் திடீரென மொத்தமாகச் செத்துப்போனால், காரணம் தண்ணீருக்கு வெளியேயும் இருக்கலாம். டெங்கிக்காகக் குடியிருப்பில் புகை அடிக்கும்போதும், வீட்டுக்குள் கொசு மருந்து தெளிக்கும்போதும் காற்றில் கலக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சு இறால், நண்டு இனங்களை மிகச் சிறு அளவிலேயே கொன்றுவிடும். காற்றுப் பம்பு அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் அல்லவா செலுத்துகிறது? புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால் பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, சன்னல்களைச் சாத்திவிட வேண்டும். கொசுப் புழுவை ஒழிக்க ஆபேட் போட்ட தொட்டித் தண்ணீரை இறாலுக்குப் பயன்படுத்தவே கூடாது. செம்பு கலந்த மீன் மருந்துகளும் இறாலுக்கு எமன்.

இப்படி வீட்டில் வளர்த்த இறாலுக்கு இன்னொரு பலன் உண்டு. கடைப் பையில் பல நாள் பட்டினி கிடந்த இறாலின் வயிற்றில் ஒன்றும் இருக்காது. நன்றாகத் தின்று வளர்ந்த இறாலின் வயிற்றில் உள்ள சத்தும் சேர்ந்தே ஆக்சோலோட்டலுக்குப் போகிறது.

ஆக்சோலோட்டலுக்கு இன்னொரு தொட்டி

இதுதான் செலவுள்ள பகுதி. ஆக்சோலோட்டலுக்கு உகந்த நீர் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. 24 டிகிரிக்கு மேல் நீடித்தால் அதன் உடல் தளர்கிறது, பசி போகிறது, நோய் தொற்றுகிறது. ஜோர்ஜ்டவுன் வீட்டில் எந்தக் கருவியும் இல்லாமல் வைத்த தண்ணீர் 28 டிகிரிக்குக் குறைவது அரிது. 30 டிகிரி நீரில் கரையக்கூடிய உயிர்வளி லிட்டருக்கு ஏறக்குறைய 7.6 மில்லிகிராம், 18 டிகிரி நீரில் அது 9.5. வெப்பம் கூடக்கூட உடலுக்கு உயிர்வளித் தேவையும் கூடும், தண்ணீரில் அது குறையவும் செய்யும். பிராணி இருபுறமும் அடி வாங்குகிறது.

தொட்டி மேல் சிறு மின்விசிறி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தண்ணீர் சுமார் 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. அது இயற்பியல், விசிறியின் விலையைக் கூட்டி அதை மாற்ற முடியாது. நீர் குளிரூட்டும் கருவியான சில்லர் வேண்டும், அல்லது நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறை வேண்டும். பனிக்கட்டியைப் போத்தலில் மிதக்கவிடுவது மின்வெட்டு நேரத்துக்கு உதவும். தினசரி வழியாக வைத்துக்கொண்டால் வெப்பம் ஏறி இறங்குவதே பிராணியை வாட்டும். இந்தச் செலவுக்கு வீட்டில் வழியில்லை என்றால், இறால் நல்லதா புழு நல்லதா என்ற விவாதத்துக்கே இடமில்லை. அந்த வீட்டுக்கு ஆக்சோலோட்டல் பொருந்தாது.

இறாலை 28 டிகிரித் தொட்டியிலிருந்து 17 டிகிரித் தொட்டிக்குச் சட்டென மாற்றினால் அது குளிரில் விறைத்து ஓரமாகச் சுருண்டு கிடக்கும். ஆக்சோலோட்டல் கண்டுபிடிக்காவிட்டால் அங்கேயே செத்து அழுகி, அம்மோனியாவாக மாறும். சிறு கிண்ணத்தில் இறாலை வைத்து, ஆக்சோலோட்டல் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரமாவது கலந்து, பிறகு விட வேண்டும். அப்படிப் பழக்கிய செர்ரி இறால் குளிர்ந்த நீரிலும் உயிர் வாழும். தப்பிய ஒன்றிரண்டு, பாசிக்குள் ஒளிந்துகொண்டு, சிந்திய தீனியைத் தின்று கொஞ்சம் துப்புரவு வேலையும் பார்க்கும்.

எவ்வளவு, எத்தனை முறை?

இறால் பலகாரம், சோறு அல்ல. ஆக்சோலோட்டலின் சோறு மண்புழு. அதன் சதையில் புரதமும் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் சரியான விகிதத்தில் உண்டு, ஓடு கிடையாது. இரசாயனம் படாத மண்ணில் வளர்த்த புழுவைக் கழுவி, பெரிதாக இருந்தால் நறுக்கிக் கொடுக்கலாம். எரு தயாரிக்கப் பயன்படும் சிவப்புப் புழு ஒன்று கசப்பான நீரைச் சுரக்கும். வாயில் வாங்கிய வேகத்தில் ஆக்சோலோட்டல் துப்பிவிடும்.

வளர்ந்த ஆக்சோலோட்டலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை உணவு போதும். அதில் ஒரு முறை நான்கைந்து செர்ரி இறால் கொடுக்கலாம். இறால் ஓட்டின் கைட்டின் என்ற பொருள் எளிதில் செரிக்காது. தினமும் இறாலாகவே கொடுத்தால் மலச்சிக்கல் வரும். 12 சென்டிமீட்டருக்குக் குறைவான இளசுகளுக்கு வளர்ந்த இறால் வேண்டாம். இறால் குஞ்சுகள் சரியாக இருக்கும்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளின் கதை வேறு. அவை அசையும் உயிரை மட்டுமே தின்னும். உப்புநீரில் பொரிக்க வைக்கும் ஆர்ட்டீமியா குஞ்சுகள்தான் அவற்றுக்கு ஏற்றவை. ஆர்ட்டீமியா முட்டைகள் 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். இந்த ஒரு வேலைக்குப் பினாங்கு வெப்பம் அப்படியே பொருந்துகிறது. வலையில் வடித்து நன்னீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

விளையாட்டில் வரும் மீன் உணவுக்கு இப்போது வருவோம். தீனிக்காக விற்கப்படும் தங்கமீனிலும் வேறு பல சிறு மீன்களிலும் தயாமினேஸ் என்ற நொதி உள்ளது. அது பி1 வைட்டமினை அழிக்கும். நெருக்கமாக அடைத்து வைக்கப்படும் அந்த மீன்கள் ஒட்டுண்ணிகளையும் சுமந்து வருகின்றன. மீனைவிட இறால் மேல் என்று வளர்ப்பவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

கடை இறாலிலும் ஒட்டுண்ணி இல்லாமல் இல்லை. வாங்கியதும் குறைந்தது மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். கொம்பு நுனியில் வெள்ளை நூல்கள் அசைந்தாலோ, வயிற்றடியில் பச்சை இழைகள் தெரிந்தாலோ அந்த இறால் தீனிக்கு ஆகாது. பையில் வந்த தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. நீர்நில வாழ்வனவற்றைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீர் வழியாகவே பயணம் செய்யக்கூடியது.

உணவு கொடுத்த மறுநாள் பிராணியைக் கவனிக்க வேண்டும். செவுள்கள் முன்னோக்கி வளைவது, வால் நுனி கொக்கி போல மடங்குவது, கீழே இறங்க முடியாமல் மிதப்பது, இரண்டு வேளை உணவை மறுப்பது ஆகியவை ஏதோ சரியில்லை என்பதன் அடையாளங்கள். முதலில் வெப்பமானியையும் அம்மோனியா அளவையும் பார்த்துவிட்டு, பிறகு இறாலைச் சந்தேகிக்கலாம்.

வாய்க்காலில் வலை வீசலாமா?

பாலிக் புலாவ் பக்கமோ, செபராங் பிறையிலோ நெல்வயல் வாய்க்காலில் ஒரு வலை போட்டால் கண்ணாடி இறால் இலவசமாகக் கிடைக்குமே என்ற ஆசை இயல்பானது. நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். பயிரைத் தின்னும் தங்க நத்தையை ஒழிக்க நத்தைக்கொல்லியும் போடுகிறார்கள். உயிரோடு பிடிபட்ட இறால் என்பதாலேயே அது தூய்மையானது என்று ஆகாது. செத்துப்போகாத அளவு நஞ்சை அது உடலில் வைத்திருக்கலாம். ஆக்சோலோட்டலின் தோல் மென்மையானது. தண்ணீரில் உள்ளவற்றை உறிஞ்சக்கூடியது. நகரக் கால்வாய்களையும் சுங்கை பினாங்கையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் உள்ள நாட்டில் வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்குவது வலை போடும் மனிதருக்கும் ஆபத்து.

எதிர்த் திசையும் உண்டு. செர்ரி இறால் தொட்டியில் நிரம்பி வழியும்போது மிஞ்சியதை வடிகாலில் கொட்டிவிடத் தோன்றும். வேண்டாத ஆக்சோலோட்டலை ஆற்றில் விட்டவர்களும் உலகில் உண்டு. இங்குள்ள வெப்பத்தில் ஆக்சோலோட்டல் நீண்ட நாள் பிழைக்காது. வெதுநீர் இறால் பிழைத்துப் பெருகக்கூடும். ஆஸ்திரேலியப் பகுதியிலிருந்து வளர்ப்புக்காக வந்த செங்கொடுக்குக் கூனிறால் இப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகளில் குடியேறிவிட்டது.

அந்நிய உயிரினம் என்ன செய்யும் என்பதற்கு ஆக்சோலோட்டலின் சொந்த ஊரே சாட்சி. 1970களில் மக்களின் உணவுத் தேவைக்கென்று சொச்சிமில்கோ நீரில் திலாப்பியாவும் கெண்டை இன மீன்களும் விடப்பட்டன. நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அதே திலாப்பியாதான். அவை ஆக்சோலோட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. கழிவுநீர் மிச்ச வேலையைச் செய்தது. 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2014 கணக்கெடுப்பில் சுமார் 36 ஆகச் சரிந்திருந்தது. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகிக் கிடக்கும் ஓர் உயிரினம், பிறந்த ஏரியில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்போது அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து, மீன்கள் நுழையாதபடி கால்வாய்களுக்குத் தடுப்பு வைத்து, ஆக்சோலோட்டலுக்குத் தனிப் புகலிடங்கள் அமைத்து வருகிறார்கள்.

ஆக்சோலோட்டல் அனைத்துலக வனவிலங்கு வாணிப ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு கொண்டுவர அனுமதி வேண்டும். மலேசியாவில் இந்த ஒப்பந்தத்தை 2008ஆம் ஆண்டின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் அனைத்துலக வாணிபச் சட்டம் நடைமுறைப்படுத்துகிறது. கடையிலோ தனியாரிடமோ வாங்கும்போது, அது எங்கிருந்து வந்தது, ஆவணம் இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. ஐயம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் மாநில அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பதும் நல்லது. முறையாக வளர்த்தால் இந்தப் பிராணி 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும்.